கெர்னல் மெமரி ரேஸ்: பெரிய லாக்கா, ரெஃப்கவுன்ட்டா, ஆர்சியூவா, வேறு வழியா?

ஏற்காட்டுக் காபிக்கொட்டையைத் தரம் பிரிக்கும் மெஷின் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டுதான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். சேலம் சூரமங்கலம் பக்கம் ஒரு சிறு குழு அதைச் செய்கிறது. அதன் கெர்னல் டிரைவர், அதாவது லினக்ஸின் மையத்துக்குள் இருந்து கேமராவை இயக்கும் நிரல், எழுதும் வேலையில் எனக்கும் பங்கு உண்டு. கொட்டை சறுக்கி விழும்போது கேமரா படம் எடுக்கும். படம் டிஎம்ஏ வழியாக, புராசஸர் கை படாமல், நேரே மெமரியில் வந்து உட்காரும். கறுத்தது எது, பூச்சி அரித்தது எது, உடைந்தது எது என்று யூசர் புரோகிராம் பார்த்துச் சொல்ல, காற்றுக்குழாய் அந்தக் கொட்டையை மட்டும் ஊதித் தள்ளும். படம் வந்து விழும் பஃபரை ஒதுக்குவது டிரைவர். யூசர் புரோகிராம் அதை எம்மேப் செய்து, அதாவது தன் முகவரிப் பரப்பில் மாட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே படிக்கிறது. நகல் எடுப்பது கிடையாது.

பிளான்டேஷன் ஏ ரகம் ஓடி முடிந்து பீபெரிக்கு மாறும்போது படத்தின் அளவு மாறுகிறது. ஆபரேட்டர் திரையில் ரகத்தை மாற்றியதும் டிரைவருக்கு ஒரு ஐஆக்டில் (யூசர் புரோகிராம் டிரைவருக்குக் கொடுக்கும் கட்டளை) போகும். டிரைவர் பழைய பஃபர்களை விடுவித்துவிட்டுப் புதிதாக ஒதுக்கும். ரேஸ், அதாவது இரண்டு வேலைகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் தொட்டு மோதும் பிழை, பிறப்பது இந்த இடத்தில்தான்.

புராசஸரின் முதல் கோரில் ஒரு திரெட் பழைய பஃபரின் ஒரு பக்கத்தை (மெமரியின் ஒரு சிறு துண்டை) முதல்முறையாகத் தொடுகிறது. அந்தப் பக்கம் இன்னும் மாட்டப்படாததால் பேஜ் ஃபால்ட் வருகிறது, வேலை கெர்னலிடம் போகிறது. டிரைவரின் ஃபால்ட் ஹேண்ட்லர் பக்கங்களின் பட்டியல் இருக்கும் முகவரியை எடுத்துக்கொள்கிறது. சரியாக அந்த நேரத்தில் இரண்டாவது கோரில் ஐஆக்டில் அந்தப் பட்டியலையும் பக்கங்களையும் விடுவித்துவிடுகிறது. முதல் கோருக்கு இது தெரியாது. அது கையில் வைத்திருக்கும் முகவரியிலிருந்து ஒரு பக்கத்தைப் படித்து யூசருக்கு மேப் செய்து கொடுத்துவிடுகிறது. அந்தப் பக்கம் அதற்குள் வேறு எந்த புராசஸுக்கோ, கெர்னலின் வேறு எந்த வேலைக்கோ போயிருக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் கெர்னல் ஊப்ஸ் என்று பிழைச் செய்தி அடித்து நின்றுவிடும். இல்லையென்றால் எதுவுமே நிற்காது. காபிக்கொட்டைப் படம் என்று நினைத்து யாருடைய மெமரியையோ புரோகிராம் படித்துக்கொண்டிருக்கும். இரண்டாவதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

இதைச் சரிசெய்ய வழிகள் நிறைய இருக்கின்றன. எதை எடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: இது வரிசைப் பிரச்சினையா, ஆயுள் பிரச்சினையா? யார் முதலில், யார் பிறகு என்பது வரிசை. ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அந்தப் பொருளை இல்லாமல் செய்துவிடுவது ஆயுள். மெமரி நிர்வாகத்தில் வரும் ரேஸ்களில் பெரும்பாலானவை ஆயுள் பிரச்சினைகள் என்பது என் அனுபவம். வரிசைப் பிரச்சினைக்கான மருந்தை அதற்குக் கொடுத்தால் ரேஸ் நடக்கும் இடைவெளி சின்னதாகுமே தவிர மூடாது.

டர்ட்டி கவ் என்று பெயர் வாங்கிய ஓட்டையைப் பாருங்கள் (பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2016-5195). குறைந்தது 2007-ல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்து 2016 அக்டோபர் வரை அது லினக்ஸில் இருந்தது. படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு கோப்பை ஒரு புராசஸ் தனக்கென்று தனியாக மேப் செய்துகொள்கிறது. ஒரு திரெட் அதில் எழுதச் சொல்கிறது. கெர்னல் அதற்கென ஒரு தனி நகலை எடுக்கிறது. நகல் எடுத்தாயிற்று, இனி எழுதும் அனுமதியைக் கேட்க வேண்டியதில்லை என்று ஒரு ஃபிளாகை நீக்கிவிட்டு மறுபடி பக்கத்தைத் தேடப் போகிறது. அந்த இடைவெளியில் இன்னொரு திரெட் மேட்வைஸ் அழைப்பின் மூலம் அந்த நகலைத் தூக்கி எறிந்துவிடுகிறது. திரும்பி வந்து பார்க்கும் கெர்னலுக்குக் கிடைப்பது மூலக் கோப்பின் பக்கம். அனுமதி கேட்கும் ஃபிளாக் ஏற்கெனவே போய்விட்டதால் அதிலேயே எழுதிவிடுகிறது. சாதாரண யூசர் ஒருவர் ரூட் மட்டுமே மாற்றக்கூடிய கோப்பை மாற்றிவிடலாம்.

நகல் போய்விட்டது, நகல் இருக்கிறது என்ற முடிவு மட்டும் நிற்கிறது. சரிசெய்தபோது புதிதாக லாக் (ஒருவர் பிடித்திருக்கும்போது மற்றவரைக் காக்க வைக்கும் பூட்டு) எதையும் சேர்க்கவில்லை. எழுதும் அனுமதிக்கான ஃபிளாகை நீக்காமல் விட்டார்கள். நகல் எடுத்த செய்திக்குத் தனியாக ஒரு ஃபிளாக் வைத்து, பக்கம் உண்மையிலேயே நகல்தானா என்று கடைசியில் சரிபார்க்கச் செய்தார்கள். இதே ஓட்டையைப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் தான் அடைக்க முயன்றதாகவும், ஐபிஎம்மின் எஸ்390 கணினிகளில் வந்த சிக்கலால் அதைத் திரும்பப் பெற வேண்டி வந்ததாகவும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் பேட்சிலேயே எழுதியிருக்கிறார். இந்தத் துறையில் ஒரு ரேஸைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை.

சரி, நம் மெஷினுக்கு வருவோம்.

ஒரே பெரிய லாக்

முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். கெர்னல் ஏற்கெனவே எம்மேப் லாக் என்று ஒன்றை வைத்திருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஒரு புராசஸின் முகவரிப் பரப்பு முழுவதற்கும் காவல் அது. 2020-ல் 5.8 பதிப்பில் பெயர் மாறும்வரை எம்மேப் செம் என்று இருந்தது. படிப்பவர்கள் பலர் சேர்ந்து பிடிக்கலாம், எழுதுபவர் ஒருவர்தான். நம் டிரைவர் வரை வரும் பேஜ் ஃபால்ட் அதைப் படிப்பவராகப் பிடிக்கிறது. நம் ஐஆக்டில் அதைத் தொடுவதே இல்லை. ஆகவே அது நமக்குக் காவல் இல்லை. டிரைவருக்கென்று தனி லாக் வேண்டும். ஃபால்ட் ஹேண்ட்லர் அதைப் படிப்பவராகப் பிடிக்கட்டும், அளவு மாற்றும் ஐஆக்டில் எழுதுபவராகப் பிடிக்கட்டும்.

குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் இந்த இடத்தில் தயங்கினான். (அவன் சொல்லும் ஆர்சியூ, படிப்பவர் லாக் பிடிக்காமலே படிக்க விடும் முறை. பின்னால் வருகிறது.) "அண்ணா, ஃபால்ட்டுக்கு ஃபால்ட் லாக் புடிச்சா ஸ்லோ ஆயிடாதா? ஆர்சியூ போட்டுடலாமே."

"எத்தனை ஃபால்ட் வருதுன்னு எண்ணிப் பார்த்தியாப்பா?"

எண்ணினோம். ஒரு படம் 4 எம்பி. பக்கம் ஒன்று 4 கேபி. படத்துக்கு 1,024 பக்கம், எட்டு பஃபருக்கு 8,192. ரகம் மாறிய பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு ஃபால்ட், அவ்வளவுதான். அப்புறம் நாள் முழுக்கக் கொட்டை ஓடினாலும் இந்த வழியில் யாரும் வரமாட்டார்கள். லாக்கின் செலவு இந்த மெஷினில் கணக்கிலேயே வராது. வேகத்துக்காக ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், அந்த வழியில் எவ்வளவு போக்குவரத்து இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது கட்டாயம். இதை யாரும் செய்வதில்லை என்பது என் வருத்தம்.

பெரிய லாக்கின் உண்மையான ஆபத்து வேகத்தில் இல்லை, டெட்லாக்கில் இருக்கிறது. ஃபால்ட் வரும்போது கெர்னல் எம்மேப் லாக்கை முதலில் பிடித்துவிட்டுத்தான் நம் ஹேண்ட்லரை அழைக்கிறது. நாம் அதற்கு உள்ளே நம் லாக்கைப் பிடிக்கிறோம். இப்போது ஐஆக்டிலைப் பாருங்கள். நம் லாக்கை முதலில் பிடித்துக்கொண்டு, யூசர் அனுப்பிய அளவை வாங்க காப்பி-ஃப்ரம்-யூசரை அழைத்தால்? அந்த யூசர் பக்கம் மெமரியில் இல்லையென்றால் அங்கேயே ஒரு ஃபால்ட் வரும், எம்மேப் லாக்கைக் கேட்கும். ஒருவர் எம்மேப் லாக்கை வைத்துக்கொண்டு நம் லாக்குக்குக் காத்திருக்க, இன்னொருவர் நம் லாக்கை வைத்துக்கொண்டு எம்மேப் லாக்குக்குக் காத்திருக்க, இருவரும் நகரமாட்டார்கள். ஏற்காடு மலைப்பாதையில் இறங்குகிற வண்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது விதி. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எல்லோருக்கும் அதே விதி என்பதால்தான் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்காமல் போகின்றன. லாக் வரிசையும் இதே போன்றதுதான். எது முதல் என்பதை விட, எல்லா வழியிலும் அதுவே முதலாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மருந்து எளிது. யூசரிடமிருந்து வாங்க வேண்டியதை லாக் பிடிப்பதற்கு முன்பே உள்ளூர் மாறி ஒன்றில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். திருப்பிக் கொடுக்க வேண்டியதை லாக்கை விட்ட பிறகு கொடுக்க வேண்டும். லாக்டெப் என்ற கெர்னல் வசதி 2006-லிருந்து இருக்கிறது. டெட்லாக் உண்மையில் நடக்கக் காத்திருக்காமல், இரண்டு வரிசைகளையும் தனித்தனியாக ஒருமுறை பார்த்தாலே எச்சரித்துவிடும். சோதனைக் கெர்னலில் அதை இயக்காமல் லாக்கைத் தொடவே கூடாது.

இன்னொன்று. லாக் பிடித்துவிட்டால் மட்டும் போதாது. ஏற்கெனவே மேப் ஆன பக்கங்களை யூசரின் பேஜ் டேபிளிலிருந்து (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்ற அட்டவணை) கழற்ற வேண்டும். முதலில் கழற்றிவிட்டு அப்புறம் லாக்கைப் பிடித்தால், நடுவில் வரும் ஒரு ஃபால்ட் கழற்றிய பக்கத்தை மறுபடி மாட்டிவிடும். லாக், கழற்றல், விடுவித்தல் என்பதுதான் வரிசை. கோப்பைச் சுருக்கும் கெர்னல் நிரலைத் திறந்து பார்த்தால், கழற்றும் வேலையை அது இரண்டு முறை செய்வதைக் காணலாம்: முதல்முறை வேகத்துக்காக, இரண்டாம் முறை சரியாக இருப்பதற்காக. இரண்டுக்கும் நடுவே புதிய தனி நகல்கள் முளைத்துவிடலாம் என்று அங்கேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். கோப்பின் நடுப்பகுதியை மட்டும் விடுவித்து ஓட்டை போடும்போது ஃபால்ட்டோடு வரும் இதே மாதிரி ரேஸுக்கு, 2021-ல் 5.15 பதிப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஒரு லாக்கே கொடுத்தார்கள்.

லாக்கைத் துண்டாக்குவது

பஃபருக்கு ஒரு லாக் என்று எட்டு லாக் வைக்கலாமே என்ற யோசனை வரும். நம் மெஷினுக்கு இதில் லாபம் இல்லை என்பது மேலே போட்ட கணக்கிலேயே தெரிகிறது. ஆனால் கெர்னலின் மையப் பகுதியில் இதற்கு உண்மையான தேவை இருந்தது. நூற்றுக்கணக்கான திரெட்களோடு ஓடும் சர்வரில் எல்லா ஃபால்ட்டும் ஒரே எம்மேப் லாக்கைத் தொட்டால் நெரிசல்தான். அதற்காக 2023-ல் 6.4 பதிப்பில் விஎம்ஏ (முகவரிப் பரப்பில் மேப் ஆன ஒரு தொடர்ச்சியான பகுதி) ஒவ்வொன்றுக்கும் தனி லாக் வந்தது.

அதில் ஒரு அழகான ஏற்பாடு உண்டு. புராசஸுக்கு ஒரு வரிசை எண், விஎம்ஏவுக்கு ஒரு வரிசை எண். இரண்டும் சமமாக இருந்தால் அந்த விஎம்ஏ எழுதுவதற்காகப் பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். எம்மேப் லாக்கை விடும்போது புராசஸின் எண்ணை ஒன்று கூட்டினால் போதும், பூட்டியிருந்த அத்தனை விஎம்ஏக்களும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும்.

இவ்வளவு யோசித்துச் செய்ததிலும் வெளிவந்த சில வாரங்களில் மெமரி கெட்டுப்போகும் புகார்கள் வந்தன. காரணம் ஃபோர்க், அதாவது ஒரு புராசஸ் தன்னை நகலெடுத்துக் குழந்தை புராசஸ் ஒன்றை உருவாக்குவது. தாய் புராசஸின் பேஜ் டேபிளை நகலெடுக்கும்போது ஃபோர்க் எம்மேப் லாக்கை எழுதுபவராகப் பிடித்திருக்கும். முன்பு அதுவே எல்லா ஃபால்ட்டையும் நிறுத்திவிடும். இப்போது ஃபால்ட் அந்த லாக்கைத் தொடாமலே உள்ளே போக முடிந்தது. தற்காலிகமாக அந்த வசதியையே அணைத்துவைத்து, பிறகு ஃபோர்க் தாயின் விஎம்ஏக்களையும் ஒவ்வொன்றாகப் பூட்டும்படி 2023 ஜூலையில் சரிசெய்தார்கள். பெரிய லாக் ஒன்று எந்தெந்த வேலைக்கெல்லாம் சொல்லாமலே காவலாக இருந்தது என்பது, அதைத் துண்டாக்கும்போதுதான் வெளியே வரும். உலகத்திலேயே இதை அதிகம் அறிந்தவர்களுக்கே இப்படி நடந்தது என்றால், நான்கு பேர் கொண்ட குழு தேவையில்லாமல் இதில் இறங்கக் கூடாது என்பது என் கட்சி.

ரெஃப்கவுன்ட்

ஆயுள் பிரச்சினைக்கு நேரடியான மருந்து இது. பஃபர் தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணிக்கை. பயன்படுத்துபவர் வந்தால் ஒன்று கூட்டு, போனால் ஒன்று குறை, சுழியானால் விடுவி. அளவு மாறினாலும் பழைய தொகுதி கடைசி ஆள் கையை எடுக்கும்வரை உயிரோடு இருக்கும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் முதல் எண்ணிக்கையைக் கூட்டுவதிலேயே ஒரு ரேஸ் ஒளிந்திருக்கிறது. தொகுதியின் பாயிண்டரை, அதாவது அது இருக்கும் முகவரியை, படிக்கிறோம். எண்ணிக்கையைக் கூட்டப் போகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு கோர் கடைசி எண்ணிக்கையைக் குறைத்து விடுவித்துவிட்டால், நாம் கூட்டுவது செத்துப்போன மெமரியில் இருக்கும் ஒரு எண்ணை. சுழியாக இல்லாவிட்டால் மட்டும் கூட்டு என்று கெர்னலில் ஒரு செயல்பாடு இருக்கிறதுதான். ஆனால் அந்த எண் இருக்கும் மெமரியே உயிரோடு இருக்க வேண்டுமே. ஆகவே பாயிண்டரை எடுத்து எண்ணிக்கையைக் கூட்டும் அந்த இரண்டு வரிகளுக்கு ஒரு லாக்கோ ஆர்சியூவோ காவல் இருந்தே ஆக வேண்டும். ரெஃப்கவுன்ட் லாக்கை நீக்குவதில்லை. லாக் பிடித்திருக்கும் நேரத்தைத்தான் குறைக்கிறது.

மெஷின் பக்கம் இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய தொகுதி உயிரோடு இருப்பதால் யூசர் புரோகிராமின் ஒரு திரெட் பழைய அளவுப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம். மெமரி கெடாது, ஆனால் பீபெரி ஓடும்போது பிளான்டேஷன் ஏ படத்தை வைத்துக் காற்று ஊதும். ஆயுள் சரியாகிவிட்டது, அர்த்தம் தவறிவிட்டது. இதற்கு ஒவ்வொரு படத்தோடும் ஒரு தலைமுறை எண்ணை எழுதி, புரோகிராம் அதைப் பார்த்துப் பழையதை ஒதுக்க வேண்டும்.

ஆர்சியூ

2002-லிருந்து லினக்ஸில் இருக்கும் இந்த முறைமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. படிப்பவர்களுக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. எழுதுபவர் புதியதை வெளியிட்டுவிட்டு, பழையதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வெளியேறும்வரை காத்திருந்து விடுவிப்பார். படிப்பவர் லட்சம், எழுதுபவர் எப்போதோ ஒருவர் என்ற இடத்தில் இதற்கு ஈடு இல்லை.

நம் இடம் அப்படிப்பட்டது அல்ல. இரண்டு தடைகள். சாதாரண ஆர்சியூவில் படிப்பவர் தூங்கக் கூடாது. ஃபால்ட் ஹேண்ட்லர் நடுவில் மெமரி ஒதுக்க நேர்ந்தால் தூங்க வேண்டி வரும். அடுத்தது, காத்திருக்கும் காலம் முடியும்வரை பழைய பஃபர்கள் மெமரியிலேயே இருக்கும். டிஎம்ஏவுக்குத் தொடர்ச்சியான பெரிய இடம் வேண்டும். 1 ஜிபி உள்ள சின்ன போர்டில் பழையதும் புதியதும் சேர்ந்து இருக்க இடம் கிடைக்காமல் போகலாம்.

ஆர்சியூவையும் லாக்கையும் கலக்கும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு ஸ்டாக்ராட் நல்ல சாட்சி (சிவிஇ-2023-3269). 6.1 பதிப்பிலிருந்து விஎம்ஏக்களை மேப்பிள் ட்ரீ என்ற அமைப்பில் வைக்கிறார்கள். அதன் பழைய கணுக்கள் ஆர்சியூ மூலம் விடுவிக்கப்படும். ஸ்டாக் தானாக வளரும்போது கெர்னல் எம்மேப் லாக்கைப் படிப்பவராக மட்டும் பிடித்துக்கொண்டே ஒரு கணுவை மாற்றிவிட்டது. அதே லாக்கைப் படிப்பவராகப் பிடித்திருந்த மற்றவர்கள், லாக் கையில் இருக்கிறதே, கணு போகாது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆர்சியூவுக்கு அவர்கள் படிப்பவர்களே அல்ல. அவர்களுக்காக அது காத்திருக்கவில்லை. 2023 ஜூன் மாதம் தெரியவந்து, ஸ்டாக் வளரும்போது எழுதுபவராகவே லாக்கைப் பிடிக்கும்படி மாற்றினார்கள். திருத்தம் 6.1.37, 6.3.11, 6.4.1 ஆகியவற்றில் வந்தது. போர்டோடு வந்த கெர்னலை அப்படியே வைத்து ஓட்டுபவர்கள் இந்த எண்களைத் தங்கள் பதிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கெர்னலின் மையத்தில் இருக்கும் ரேஸை நாமே ஒட்டுப்போடக் கூடாது. ஸ்டேபிள் பதிப்புக்கு ஏறிவிடுவதுதான் வழி.

பார்த்துவிட்டுத் திரும்பப் பார்ப்பது

லாக் இல்லாமல் படித்து, வேலையைச் செய்து, கடைசியில் லாக் பிடித்து, நடுவில் எதுவும் மாறவில்லையே என்று சரிபார்ப்பது இன்னொரு முறை. கெர்னலின் ஃபால்ட் வழியே இப்படித்தான் நடக்கிறது: பேஜ் டேபிள் பதிவை முதலில் படித்துவைத்து, புதிய பக்கத்தைத் தயார் செய்து, பேஜ் டேபிள் லாக்கைப் பிடித்ததும் பதிவு பழையபடியே இருக்கிறதா என்று பார்க்கும். மாறியிருந்தால் செய்ததைக் கைவிட்டுவிடும். அங்கே இது செல்லுபடியாவதற்குக் காரணம், சரிபார்க்கும் பேஜ் டேபிளே மறைந்துபோகாது என்று வேறொரு காவல் உறுதி கொடுப்பது. அந்த உறுதி நம் பட்டியலுக்கு இல்லை. செக்கவுன்ட்டும் (தரவு மாறும்போதெல்லாம் ஏறும் எண்ணை வைத்துச் சரிபார்ப்பது) இதே ரகம்தான்: நேரம், எண், நிலை போன்ற சின்னத் தரவுக்கு அருமை, பாயிண்டருக்கு ஆகாது.

ஸ்லீப் போட்டுத் தாமதம் சேர்ப்பது, மாறிக்கு வாலட்டைல் (ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படி) என்று எழுதுவது, புரோகிராமை ஒரே கோரில் கட்டிப்போடுவது இவை மூன்றும் மருந்தே அல்ல. ஒரே கோரிலும் நடுவில் திரெட் மாறும்.

பயன்பாட்டில் இருக்கும்போது மறுப்பது

நான் கடைசியில் பரிந்துரைத்தது இதைத்தான். யாராவது பஃபரை மேப் செய்து வைத்திருக்கும்வரை அளவை மாற்றும் ஐஆக்டில் "பிசி" (வேலையில் இருக்கிறது) என்று பிழை திருப்பும். யூசர் புரோகிராம் முதலில் அன்மேப் செய்ய வேண்டும், பிறகு அளவை மாற்றச் சொல்ல வேண்டும், பிறகு மறுபடி மேப் செய்ய வேண்டும். லினக்ஸின் வீடியோ கேமரா அமைப்பான வி4எல்2-வும் வெகுகாலம் இப்படித்தான் நடந்துகொண்டது.

இதில் கிடைக்கும் லாபம் பெரிது. ஃபால்ட் வர வேண்டுமானால் விஎம்ஏ இருக்க வேண்டும். விஎம்ஏ இருந்தால், மேப்பிங்குகளை எண்ணி டிரைவர் வைத்திருக்கும் எண்ணிக்கை சுழியாக இருக்க முடியாது. எண்ணிக்கை சுழியில்லை என்றால் அளவு மாறாது. ஆகவே ஃபால்ட்டும் அளவு மாற்றமும் சந்திக்கும் வாய்ப்பே இல்லை. ஃபால்ட் ஹேண்ட்லருக்குள் லாக்கே வேண்டாம். இன்னும் ஒரு படி போய், எம்மேப் செய்யும்போதே எல்லாப் பக்கங்களையும் மாட்டிவிட்டால் ஃபால்ட் ஹேண்ட்லரே தேவையில்லை. மிச்சம் இருப்பது எம்மேப்புக்கும் ஐஆக்டிலுக்கும் நடுவில் உள்ள ஒரே போட்டி. அதற்கு ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கும் லாக்) போதும்: எண்ணிக்கையைக் கூட்டுவதும் சுழியா என்று பார்த்து விடுவிப்பதும் அதன் உள்ளே நடக்க வேண்டும்.

நுணுக்கமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. விஎம்ஏவுக்கு ஓப்பன், குளோஸ் என்று டிரைவர் இரண்டு செயல்களைக் கொடுத்து அவற்றில் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைப்பார்கள். ஆனால் முதல் எம்மேப்பில் கெர்னல் ஓப்பனை அழைப்பதில்லை. விஎம்ஏ பிளவுபடும்போது, ஃபோர்க்கில் நகலாகும்போது போன்ற நேரங்களில்தான் அழைக்கும். முதல் எண்ணிக்கையை எம்மேப் செயலுக்குள் நாமே கூட்ட வேண்டும். இதைத் தவறவிட்டால் குளோஸ் ஒருமுறை அதிகமாகக் குறைத்துவிடும், நாம் அடைத்த ஓட்டை வேறு வாசலில் திறந்துகொள்ளும். அடுத்தது ஃபோர்க். யூசர் புரோகிராம் ஏதோ ஒரு ஸ்கிரிப்டை ஓட்டக் குழந்தை புராசஸ் ஒன்றைப் பெற்றால், அது மேப்பிங்கையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். அது இருக்கும்வரை ஐஆக்டில் பிசி என்றே சொல்லும். ஃபோர்க்கில் நகலாகக் கூடாது என்ற ஃபிளாகை விஎம்ஏவில் போட்டால் தீர்ந்தது.

செலவு என்ன? அளவு மாறும்போது புரோகிராம் சற்று நிற்க வேண்டும். காபியில் அது செலவே இல்லை. ரகம் மாறும்போது தொட்டியைக் காலி செய்யாமல் அடுத்த ரகத்தைக் கொட்ட முடியாது. மெஷின் எப்படியும் நிற்கிறது. யூசர் புரோகிராமும் நம் கையில் இருப்பதால் அதை மாற்றச் சொல்லி யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

எந்த லாக்குக்கும் கட்டுப்படாத ஒருவர்

மேலே சொன்ன எந்த வழியும் கேமராவைத் தடுக்காது. டிஎம்ஏ நம் மியூடெக்ஸைப் பார்ப்பதில்லை. யூசர் அன்மேப் செய்துவிட்டார், எண்ணிக்கை சுழி, லாக் கையில், எல்லாம் சரி. ஆனால் கேமரா இன்னும் அந்த முகவரியில் எழுதிக்கொண்டிருந்தால், விடுவித்த மெமரியில் காபிக்கொட்டைப் படம் விழுந்துகொண்டே இருக்கும். ஐஓஎம்எம்யூ (கருவிகள் எந்த மெமரியைத் தொடலாம் என்று காவல் காக்கும் ஹார்டுவேர்) இருந்தால் அது பிடிக்கும்; சின்ன போர்டுகள் பலவற்றில் அது இல்லை. நிறுத்தச் சொல்லி ரெஜிஸ்டரில் எழுதினால் மட்டும் போதாது. நின்றுவிட்டேன் என்று ஹார்டுவேர் சொல்லும்வரை காத்திருந்து, இன்டரப்ட் ஹேண்ட்லரும் முடிந்ததை உறுதி செய்துகொண்டுதான் விடுவிக்க வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் படியை விட முடியாது.

சோதிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூறு முறை ரகத்தை மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்பது இதில் சான்று ஆகாது. ஃபால்ட் ஹேண்ட்லர் பட்டியலின் முகவரியைப் படித்த அடுத்த வரியில் வேண்டுமென்றே சில மில்லிசெகண்டு தாமதத்தைச் சேர்த்து, விடுவித்த மெமரியைத் தொட்டால் காட்டிக்கொடுக்கும் கேசானை இயக்கிய கெர்னலில் ஓட்டுங்கள். பழைய நிரல் உடனே மாட்டிக்கொள்ளும். மருந்து போட்ட நிரல் அதே தாமதத்தோடும் தாங்க வேண்டும். மருந்தாக ஆகாத தாமதம் சோதனைக் கருவியாக நன்றாக வேலை செய்கிறது. 5.8-லிருந்து இருக்கும் கேசிசான், லாக் இல்லாமல் இருவர் ஒரே தரவைத் தொடும் இடங்களைக் காட்டிக்கொடுக்கும். சோதனையை இன்டெல் லேப்டாப்பில் மட்டும் செய்து முடிக்காதீர்கள். ஆர்ம் கோர்கள் மெமரி எழுத்துகளை இன்னும் தாராளமாக வரிசை மாற்றும், லேப்டாப்பில் தெரியாத ரேஸ் போர்டில் தெரியும்.

காபிக்கு எடுத்த முடிவு எல்லா மெஷினுக்கும் பொருந்தாது. சேலம், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் நிற்காமல் ஓடும் வரிசையில் இதே கேமராவைப் பொருத்தி, ஓட்டத்தின் நடுவே படத்தின் அளவை மாற்ற வேண்டும் என்று கேட்டால், பிசி என்று மறுப்பது எடுபடாது. அங்கே நான் ரெஃப்கவுன்ட்டை எடுப்பேன்: பாயிண்டரை வாங்கிக் கூட்டும் இடத்துக்கு மட்டும் சின்ன லாக், படத்தோடு தலைமுறை எண். பழைய தொகுதியும் புதிய தொகுதியும் கொஞ்ச நேரம் சேர்ந்தே இருக்கும். எட்டு பஃபருக்கு 32 எம்பி என்றால் இரண்டு தொகுதிக்கு 64 எம்பி. பல வாரம் ஓடிய போர்டில் அவ்வளவு தொடர்ச்சியான இடம் கேட்டவுடன் கிடைக்கும் என்று நம்ப முடியாது. தொடர்ச்சியான மெமரியை முன்கூட்டியே பிடித்துவைக்கும் சிஎம்ஏ ஒதுக்கீட்டை 64 எம்பிக்கு மேல் வைத்து பூட் வரியிலேயே எழுதி, ஆலைக்கு அனுப்பும் முன் இரண்டு தொகுதிகளையும் ஒன்றாக ஒதுக்கிப் பார்த்துவிட வேண்டும்.